ரேஷன் அரிசிக்கு அப்பால்: குறைந்த வருவாயில் நோயாளியும் குடும்பமும் சத்துடன் உண்ணும் வழி

காசநோய்க்குச் சிகிச்சை பெறுவோருக்கு வழங்கப்படும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் 1 முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. நியாயவிலைக் கடைகளில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்க்கப்பட்ட செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்பட்டு வருகிறது. இவை வெவ்வேறு துறைகளின் அறிவிப்புகள் என்றாலும், புளியந்தோப்பு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை போன்ற பகுதிகளில் ஒரே வீட்டின் ஒரே அடுப்பில்தான் அவை வந்து சேர்கின்றன. அந்த வீட்டில் காசநோயாளி ஒருவர், நீரிழிவு உள்ள மூத்தவர் ஒருவர், இரத்தசோகை உள்ள தாய், பள்ளி செல்லும் குழந்தை ஆகிய நால்வரும் ஒருங்கே இருப்பது அரிதன்று.

மருத்துவர்களாகிய நாங்கள் மருந்துச் சீட்டின் கடைசி வரியில் "சத்தான உணவு உண்ணவும்" என்று எழுதுகிறோம். பால், பழம், முட்டை, இறைச்சி என்று வாய்மொழியாகவும் சொல்கிறோம். நாள்கூலியில் வாழும் குடும்பத்திற்கு அந்த வரி விலை குறிப்பிடப்படாத பட்டியல் மட்டுமே. அதைக் கேட்டுச் செல்பவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். தம்மால் இயலாது என்று விட்டுவிடுகிறார். அல்லது கடன் வாங்கி விலை மிகுந்த சத்துப் பொடி டப்பா ஒன்றை வாங்குகிறார். இரண்டுமே தேவையற்றவை. எந்தப் பொருளில் எவ்வளவு சத்து, அது என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

ரேஷன் பையில் இருப்பதும் இல்லாததும்

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்கீழ் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. பசியைத் தடுப்பதில் இத்திட்டங்களின் பங்கு பெரிது. ஆயினும் பசி தீர்வதும் சத்து நிறைவதும் ஒன்றல்ல என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும்.

முன்னுரிமைக் குடும்ப அட்டையில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ வீதம் நான்கு பேருக்கு 20 கிலோ அரிசி கிடைக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 165 கிராம். இதிலிருந்து கிடைக்கும் புரதம் சுமார் 13 கிராம். குடும்பத்துக்கு ஒரு கிலோ துவரம் பருப்பை நான்கு பேர், முப்பது நாள் என்று பகிர்ந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது 8 கிராம் பருப்பு. அதில் உள்ள புரதம் 2 கிராமுக்கும் குறைவு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 46 கிராம் ஆகும். ரேஷன் அரிசியும் பருப்பும் சேர்ந்து தருவது 15 கிராம். மீதமுள்ள 30 கிராமைக் குடும்பம் தன் கைப்பணத்தில்தான் நிறைவு செய்ய வேண்டும்.

பல வீடுகளில் இந்த இடைவெளி கூடுதல் சோற்றால் நிரப்பப்படுகிறது. சோறு மிகுந்து, குழம்பு நீர்த்து, தொட்டுக்கொள்ள ஊறுகாயோ அப்பளமோ வைக்கப்படுகிறது. வயிறு நிறைகிறது, தசையும் இரத்தமும் வலுப்பெறுவதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பது கண்டறியப்பட்டது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, மாநிலத்தில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. அரிசியை மட்டுமே நம்பிய தட்டு இவ்விரு நோய்களுக்கும் துணைபோகிறது.

ஒரு கிராம் புரதத்தின் விலை

ஒரு பொருள் மலிவா, விலை மிகுந்ததா என்பதைக் கிலோ விலையைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. அதில் உள்ள ஒரு கிராம் புரதத்துக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கடை விலை நாள்தோறும் மாறும் என்பதால், கீழுள்ள விலைகள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டவை. உங்கள் கடையின் அன்றைய விலையை இட்டு நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

• ரேஷன் துவரம் பருப்பு, கிலோ 30 ரூபாய்: ஒரு கிராம் புரதம் ஏறத்தாழ 14 காசு.
• மீல் மேக்கர் (சோயா உருண்டை), கிலோ 160 ரூபாய் எனில்: ஏறத்தாழ 32 காசு.
• கருப்புக் கொண்டைக்கடலை, கிலோ 100 ரூபாய் எனில்: ஏறத்தாழ 53 காசு.
• நிலக்கடலை, கிலோ 140 ரூபாய் எனில்: ஏறத்தாழ 58 காசு.
• வெளிச்சந்தைத் துவரம் பருப்பு, கிலோ 130 ரூபாய் எனில்: ஏறத்தாழ 59 காசு.
• முட்டை, ஒன்று 6 ரூபாய் 50 காசு எனில்: ஏறத்தாழ 1 ரூபாய்.
• ஆவின் நீல உறைப் பால், அரை லிட்டர் 20 ரூபாய்: ஏறத்தாழ 1 ரூபாய் 30 காசு.
• 100 கிராமில் 10 கிராம் புரதமுள்ள சத்துப் பொடி, கிலோ 450 ரூபாய் எனில்: 4 ரூபாய் 50 காசு.

இப்பட்டியலிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, ரேஷன் பருப்பை எந்த மாதத்திலும் வாங்காமல் விடக்கூடாது. கடையில் இருப்பு இல்லை என்றால் எப்போது வரும் என்று கேட்டறிந்து மீண்டும் செல்வது பயனுள்ளது. இரண்டாவது, டப்பாவில் விற்கப்படும் பானப் பொடிகள் ஏழைக் குடும்பத்திற்கு ஏற்ற சத்துணவு அல்ல. அவற்றுள் பலவற்றில் சர்க்கரையின் பங்கு மிகுதி. இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பிரிவில் காட்டக்கூடாது என்று ஒன்றிய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணையவழி விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியதை இங்கே நினைவுகூரலாம். மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்காக எழுதித் தரும் சிறப்பு உணவுப் பொடிகள் இதில் சேரா.

முட்டைக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் புரதம் உடலால் முழுமையாகப் பயன்படுத்தப்படுகிறது. பருப்பில் இல்லாத வைட்டமின் பி12 அதில் இருக்கிறது. கலப்படம் செய்ய இயலாது. ஐந்து நிமிடத்தில் வேகும். பருப்பும் அரிசியும் சேரும்போது ஒன்றில் குறையும் அமினோ அமிலத்தை மற்றொன்று ஈடுசெய்கிறது. ஆகவே இட்லி, பொங்கல், பருப்புச் சாதம் ஆகியவை வெறும் சோற்றைவிட மேலானவை.

காசநோயாளியின் 1,000 ரூபாய்: ஒரு நாளைக்கு 33 ரூபாய்

இந்த உதவித்தொகை நோயாளியின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படுகிறது. ஆறு மாதச் சிகிச்சைக்கு 6,000 ரூபாய். நோய் உறுதியாகிப் பதிவு செய்யப்பட்டதும் 3,000 ரூபாயும், சிகிச்சையில் 84 நாட்கள் நிறைவடைந்ததும் 3,000 ரூபாயும் என இரு தவணைகளாக இது வழங்கப்படுகிறது. கணக்கு விவரம் தராமலோ, தவறாகத் தந்தோ இத்தொகையை இழந்துவிட வேண்டாம். பணம் வரவில்லை எனில் உங்கள் பகுதி காசநோய்ப் பணியாளரிடம் தெரிவிக்கவும்.

மூன்று மாதப் பணம் ஒரே நாளில் வருவதால் அது வாடகைக்கோ வட்டிக்கோ சென்றுவிடும் வாய்ப்பு உண்டு. குடும்பத்தின் நெருக்கடியை அறிந்தே சொல்கிறேன்: நோயாளியின் உடல் எடை கூடினால்தான் அவர் வேலைக்குத் திரும்புவார். எனவே பணம் வந்த வாரத்திலேயே கெடாத பொருள்களான நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை ஆகியவற்றை இரண்டு மாதத்திற்கு வாங்கி வைப்பது நல்லது. முட்டைக்கும் பாலுக்கும் உரிய தொகையைத் தனியே எடுத்து வைக்கவும்.

நாளொன்றுக்கு 33 ரூபாயில், மேற்கண்ட விலைகளின்படி வாங்கக் கூடியவை: இரண்டு முட்டை (13 ரூபாய்), 200 மில்லி பால் (8 ரூபாய்), வறுத்த நிலக்கடலை 30 கிராம் (4 ரூபாய்), பொட்டுக்கடலை 30 கிராம் (4 ரூபாய்). மீதமுள்ள 4 ரூபாய் கீரைக்கோ எலுமிச்சைக்கோ பயன்படும். இவற்றிலிருந்து சுமார் 32 கிராம் புரதமும் 500 கலோரிக்கு மேற்பட்ட ஆற்றலும் கிடைக்கும். வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல் இது சேர்ந்தால் நோயாளியின் தேவை பெருமளவு நிறைவேறும். உடல் எடை மிகக் குறைந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதங்களுக்கு ஆற்றல் செறிந்த கூடுதல் உணவும் திட்டத்தில் உண்டு. தகுதி உள்ளதா என்று கேட்டறியவும்.

நோயாளிக்குத் தனிப் பானை போதுமா?

போதாது என்பதே அண்மைக்கால ஆய்வின் முடிவு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஓர் ஆய்வில், 2,800 காசநோயாளிகளுக்கு மருந்துடன் மாதந்தோறும் அரிசி, கடலை மாவு, பால் பொடி, எண்ணெய் அடங்கிய உணவுப் பை வழங்கப்பட்டது. ஒரு பகுதி வீடுகளில், நோயாளியுடன் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் ஆகியவையும் தரப்பட்டன. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்ற இவ்வாய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் வெளியாயின. உணவு பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது.

அந்த உணவுப் பையில் அரிய பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்கவும். அரிசியும் பருப்பும் தாம் இருந்தன. ஆனால் பருப்பு ஒருவருக்கு ஒன்றரைக் கிலோ. ஒரு குடும்பத்துக்கே ஒரு கிலோ என்னும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் கொண்ட வீட்டில் ஐந்து பேர் உறங்கும்போது, நோயாளியின் இருமல் எல்லோரையும் அடைகிறது. கிருமி உடலுக்குள் சென்ற அனைவருக்கும் நோய் வருவதில்லை. யாருடைய உடல் மெலிந்திருக்கிறதோ அவரையே அது முதலில் வீழ்த்துகிறது. நம் வீடுகளில் அவர் யார்? பெரும்பாலும் நோயாளியைப் பராமரிக்கும் பெண்தான். அவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில், அடிச்சட்டியில் எஞ்சிய குழம்பைச் சோற்றில் பிசைந்து உண்கிறார். முட்டை நோயாளிக்கு, மீன் துண்டு வேலைக்குச் செல்பவருக்கு, பால் குழந்தைக்கு என்று பங்கிட்டபின் அவருக்கென எதுவும் மிஞ்சுவதில்லை. இரத்தசோகைப் புள்ளிவிவரத்தின் பின்னால் இந்தப் பரிமாறும் வரிசையும் இருக்கிறது.

எனவே இரண்டு நடைமுறைகளைப் பரிந்துரைக்கிறோம். உதவித்தொகையில் வாங்கும் கூடுதல் உணவு நோயாளிக்கே உரியது. குடும்பத்தின் பொதுப் பானையில் பருப்பின் அளவு எல்லோருக்காகவும் கூட்டப்பட வேண்டும். மேலும், சமைப்பவர் தம் பங்கைச் சமைத்தவுடனேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைக்க வேண்டும். இதில் தயக்கத்திற்கோ குற்ற உணர்வுக்கோ இடமில்லை. அவர் படுத்துவிட்டால் நோயாளிக்கு மருந்து தர ஆள் இல்லை.

காசநோயாளியின் தட்டையும் குவளையையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. காசநோய் காற்றின் வழியே பரவுவது. பாத்திரத்தின் வழியே பரவுவதன்று. சன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது வாயை மூடிக்கொள்வதும், மருந்தைத் தவறாது உண்பதுமே தேவை.

அருகில் கிடைக்கும் மலிவான சத்து

புளியந்தோப்பில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் நெடுங்காலமாக இயங்கி வருவதால், ஆட்டின் உள்ளுறுப்புகள் இப்பகுதிச் சமையலில் இயல்பாக இடம்பெறுகின்றன. ஆடுதொட்டிப் பகுதியில் கறி விலையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஈரல், சுவரொட்டி, இரத்தம் ஆகியவை இரும்புச்சத்து நிறைந்தவை. ஈரலில் வைட்டமின் ஏ, பி12 ஆகியவையும் மிகுதி. கீரையிலுள்ள இரும்பைவிட இவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். வாரம் ஒரு முறை, ஒருவருக்கு 50 கிராம் அளவில் உண்டால் போதும். இவ்வுணவை "ஏழைகளின் கறி" என்று தாழ்வாக எண்ணத் தேவையில்லை. அன்று அறுக்கப்பட்டதை அன்றே வாங்கி, நன்றாகக் கழுவி, உள்ளே சிவப்பு நீங்கும்வரை முழுமையாக வேகவைக்க வேண்டும். மாட்டிறைச்சி உண்ணும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு அதுவும் புரதமும் இரும்பும் நிறைந்த, ஆட்டுக்கறியைவிட விலை குறைந்த உணவு.

காசிமேட்டிலிருந்து வரும் சிறு மீன்களான நெத்திலி, மத்தி, காரப்பொடி ஆகியவை வஞ்சிரத்தைவிடப் பன்மடங்கு மலிவு. சத்தில் அதற்குக் குறைந்தவையல்ல. முள்ளோடு மென்று உண்ணும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. அவற்றை எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பதால் எண்ணெய்ச் செலவு குறையும். ஒரு கால் கிலோ மீன் நான்கு தட்டுக்கு வரும்.

காசநோய்க்கு ஐசோனியசிட் மருந்து உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை, குறிப்பாக ஐஸ் போடாமல் நெடுநேரம் வெளியில் கிடந்தவற்றை உண்டபின் சிலருக்கு முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, அரிப்பு ஆகியவை தோன்றலாம். அவ்வாறு நேர்ந்தால் அந்த மீனைத் தவிர்த்து மருத்துவரிடம் தெரிவிக்கவும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சைவ உணவு உண்போருக்குக் கருப்புக் கொண்டைக்கடலை, பச்சைப் பயறு, காராமணி, மீல் மேக்கர் ஆகியவை கைகொடுக்கும். முருங்கைக் கீரை பல தெருக்களில் காசின்றிக் கிடைக்கிறது. கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்பு உடலில் சேர வைட்டமின் சி உதவும். ஆகவே இறக்கியபின் அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழியலாம். பெருநெல்லி மலிவாக இருக்கும் காலத்தில் ஒன்றைக் கடித்துக்கொள்ளலாம். உணவுடனோ, உண்டவுடனோ தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வது தடைப்படும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடவும்.

செறிவூட்டப்பட்ட அரிசி பற்றிய ஐயம்

ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறியிருப்பதையும், கழுவும்போது மிதப்பதையும் கண்டு, அவை பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பலர் பொறுக்கி எறிகின்றனர். அவை அரிசி மாவில் சத்துகளைக் கலந்து அரிசி வடிவில் மீண்டும் வார்க்கப்பட்டவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு வீதம் கலக்கப்படுகின்றன. அவற்றை எறிவது உங்களுக்குச் சேர வேண்டிய இரும்புச்சத்தை எறிவதாகும். அரிசியை இரண்டு முறைக்கு மேல் அலசித் தேய்க்க வேண்டாம். சோறு வடிப்பவர்கள் கஞ்சியைக் கொட்டிவிடாமல் உப்பும் மோரும் சேர்த்து அருந்தலாம், குழம்பிலும் சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் கஞ்சியைத் தவிர்க்கவும். தலசீமியா, அரிவாள் உயிரணு இரத்தசோகை ஆகியவை உள்ளவர்கள் இவ்வரிசியை உண்பது குறித்து மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

சில்லறையாக வாங்குவதன் சுமை

நாள்கூலி பெறுவோர் எண்ணெயை 10 ரூபாய்ப் பொட்டலமாகவும், பருப்பை 50 கிராமாகவும் வாங்குகின்றனர். இது அவர்களது தவறன்று. வருவாய் வரும் முறை அவ்வாறு இருக்கிறது. ஆனால் பொட்டலமாக வாங்கும்போது அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது. விலையேற்றத்தின் சுமையும் இவர்களையே முதலில் அடைகிறது. 2024 செப்டம்பரில் இறக்குமதிச் சமையல் எண்ணெய் மீதான தீர்வை உயர்த்தப்பட்டபோதும், 2025 ஏப்ரலில் சமையல் எரிவாயு உருளையின் விலை 50 ரூபாய் உயர்ந்தபோதும் இதைக் கண்டோம். 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய் வகைகளின் தீர்வை குறைக்கப்பட்டாலும், பொட்டலக் கடைக்கு அதன் பயன் உடனே வந்துவிடுவதில்லை.

இயன்றவரை செய்யக்கூடியவை சில. கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக வரும் 1,000 ரூபாயில் ஒரு பகுதியை, வந்த நாளிலேயே பருப்பும் பயறும் மொத்தமாக வாங்க ஒதுக்கலாம். பக்கத்து வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஐந்து கிலோவாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கடலை, பயறு வகைகளை இரவே ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் எரிவாயு மிச்சமாகும். எண்ணெய் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் தேவையில்லை. வடை, பஜ்ஜி பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவது இதயத்திற்குக் கேடு.

வீட்டுச் செலவில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கு வாங்கித் தரும் 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலத் தீனி அது. நாளொன்றுக்கு 10 ரூபாய்ப் பொட்டலம் ஒன்று என்றால் மாதம் 300 ரூபாய். அதே பணத்தில் 45 முட்டைகள் வாங்கலாம்.

நோய்க்கேற்ற மாற்றங்கள்

பொதுப் பானை ஒன்றே போதும். தட்டில் வைக்கும் அளவே நோய்க்கேற்ப மாற வேண்டும்.

நீரிழிவு: தட்டின் பாதியைக் காய், கீரையாலும், கால் பங்கைப் பருப்பு, முட்டை, மீனாலும் நிரப்பி, மீதிக் கால் பங்கில் மட்டும் சோறு வைக்கவும். கேழ்வரகு நல்லதே, ஆனால் நொய் சேர்த்துக் கரைத்த கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைந்து ஏறும். அடையாகவோ களியாகவோ அளவோடு உண்ணவும்.

இரத்த அழுத்தம்: நாளொன்றுக்கு ஒருவருக்கு உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவை மலிவானவை என்றாலும் உப்பு மிகுந்தவை. கருவாட்டை வெந்நீரில் இரண்டு முறை அலசியபின் சமைத்தாலும், எப்போதாவது சிறிதளவே உண்ணலாம்.

சிறுநீரக நோய்: இப்பக்கத்தில் கூறியுள்ள புரத அளவு இவர்களுக்குப் பொருந்தாது. பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றின் அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

கருவுற்ற தாய்மார்: அங்கன்வாடியில் தரப்படும் சத்து மாவையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் தவறாது பெறவும்; அவற்றைத் தாயே உண்ண வேண்டும். முதல் மூன்று மாதங்களில் ஈரலைத் தவிர்க்கவும். அதிலுள்ள மிகுதியான வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கக்கூடும்.

யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வலி உள்ளவர்கள் உள்ளுறுப்பு இறைச்சியைத் தவிர்க்கவும். காசநோய் மருந்து உண்போர் மதுவை முற்றிலும் விலக்க வேண்டும். மருந்தும் மதுவும் சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள்

காலை: இட்லி அல்லது பச்சைப் பயறு சேர்த்த பொங்கல், நிலக்கடலைச் சட்னி. தொடக்கப் பள்ளியில் பயிலும் குழந்தைக்குக் காலை உணவு பள்ளியில் கிடைக்கும். சமைக்க இயலாத நாளில் அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்கும் பொங்கல் 5 ரூபாய்க்கும் கிடைக்கும்.

நண்பகல்: சோறு, முருங்கைக் கீரை சேர்த்த கெட்டியான பருப்புக் கூட்டு, ஏதேனும் ஒரு காய்ப் பொரியல். பருப்பு நான்கு பேருக்குக் குறைந்தது 150 கிராம். பள்ளிச் சத்துணவில் குழந்தைக்கு முட்டை கிடைக்கிறது. அதை உண்டதா என்று மாலையில் கேட்கவும்.

மாலை: வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல், அல்லது ஒரு கைப்பிடி வறுகடலை.

இரவு: கேழ்வரகு அடை அல்லது சோறு, மீல் மேக்கர்க் குழம்பு, முட்டைக் குழம்பு, நெத்திலிக் குழம்பு ஆகியவற்றை முறை மாற்றி வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு நாள் ஈரல் அல்லது இரத்தப் பொரியல்.

மீந்த சோற்றை நீரூற்றிப் பழைய சோறாக உண்பது நல்ல வழக்கமே. காய்ச்சி ஆறவைத்த நீரை ஊற்றி, மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிட வேண்டும். தொட்டுக்கொள்ள ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமும் வேகவைத்த பயறும் இருக்கட்டும்.

எப்போது உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்?

காசநோயாளிக்கு மூச்சுத்திணறல் ஏற்பட்டாலோ, தாமாக எழுந்து நிற்க இயலாவிட்டாலோ, உடல் மிகவும் மெலிந்துவிட்டாலோ உணவால் மட்டும் சரிசெய்ய முயன்று காலம் தாழ்த்த வேண்டாம். இவர்களை உடனே கண்டறிந்து உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கென்றே 2022 முதல் மாநிலத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடைபெறுகிறது. இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைதல் ஆகியவை வீட்டில் வேறு எவருக்கேனும் இருந்தால் அவருக்கும் பரிசோதனை தேவை. ஓட்டேரியில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையிலும், அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது கட்டணமின்றிச் செய்யப்படும்.

மாதம் ஒருமுறை நோயாளி மட்டுமின்றி வீட்டில் உள்ள அனைவரும் சுகாதார நிலையத்தில் எடை பார்த்து, ஒரு தாளில் குறித்து வரவும். உணவு போதுமா என்பதை அந்தத் தாள் காட்டும். அடுத்த முறை எங்களிடம் வரும்போது மருந்துச் சீட்டுடன் அதையும் கொண்டுவாருங்கள். வீட்டில் சமைப்பவரின் எடையும் அதில் இருக்கட்டும்.

உதவிக்கு: மருத்துவ ஆலோசனை 104. காசநோய் உதவி எண் 1800-11-6666. நியாயவிலைக் கடை குறித்த புகார்களுக்கு 1967.